தெரிந்து எடுத்த காசு

அவரிடம் "தெரியாது" என்று சொல்லிவிட்டு யாரும் லேசாகத் தப்ப முடியாது. எங்கள் பிளாசாவின் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த பெண்பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ரோல்ஸ் இன்றைக்குப் பொரித்ததா, நேற்றுப் பொரித்ததா என்று கேட்பார். புதிதாக வந்த பிள்ளை யாராவது "தெரியாது அங்கிள்" என்று வாயைத் திறந்துவிட்டால் அவள் பாடு அவ்வளவுதான்.

"தெரியாதோ, தெரிஞ்சும் சொல்ல விருப்பமில்லையோ?" குரலை உயர்த்த மாட்டார். "உள்ளுக்க போய்க் கேட்டுக்கொண்டு வாரும் பிள்ளை. நான் நிக்கிறன்."

நிற்பார். பின்னால் ஆறு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளை சமையலறைக்குள் போய்த் திரும்பி வந்து "நேற்றையது அங்கிள்" என்று உண்மையைச் சொன்னால், "சரி, ரண்டு தாரும்" என்று அந்தப் பழைய ரோல்ஸையே வாங்கிக்கொண்டு போவார். இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற பதிலை நான் கேட்டதே இல்லை. உண்மையாகவே அறியாத விஷயமென்றால் "பாத்துச் சொல்லுறன்" என்பார். இரண்டு கிழமை கழித்து வந்து சொல்வார். கேட்டவர் கேட்டதையே மறந்திருப்பார். பிளாசாவில் அவருக்கு 'தெரியும் அண்ணை' என்று பட்டம் வைத்தார்கள். வைத்தவள் வேறு யாருமல்ல, நான்தான். சொந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். வரிப் பத்திரம் நிரப்பிப் பிழைப்பவள் வாடிக்கையாளர் பெயரை வெளியில் விடக் கூடாது. அந்த ஒரு ஒழுங்கையாவது அவர் விஷயத்தில் காப்பாற்றிக்கொள்கிறேன்.

என் அலுவலகம் ரொறன்ரோவின் வடக்கு ஓரத்து மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட, அந்தச் சாப்பாட்டுக் கடைக்கும் ஒரு சேலைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு பிரிண்டர், நாலு கதிரை. வரிப் பத்திரம் அனுப்பும் காலமான பங்குனி, சித்திரையில் நாலு கதிரையும் போதாது. அவர் டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் எடுத்து வருவார். கையில் மளிகைக் கடைப் பை, அதற்குள் கடுதாசிகள், ஒரு அடிமட்டம், சொந்தப் பேனை. நான் அச்சடித்துக் கொடுக்கும் பத்திரத்தில் ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிமட்டத்தை வைத்து வைத்து வாசிப்பார். அரை மணி நேரம் ஓடும். மற்றச் சனம் என்னைப் பார்த்து முறைக்கும். பத்து வருடம் இப்படித்தான் நடந்தது. வாசித்து முடித்துத்தான் கையெழுத்து வைப்பார்.

ஒரு காலத்தில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்று எனக்குத் தெரியும். ஏன் விட்டார் என்று ஒருநாள் வாயைப் பிடுங்கினேன். விட்டதல்ல, விலக்கினார்கள் என்றார். வன்னியிலிருந்து வந்த ஒரு பெடியனை, உன்னை அடித்தது யார் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். பெடியன் "தெரியாது" என்றிருக்கிறான். இவர் அதை மொழிபெயர்த்துவிட்டு, கேட்காமலே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்: இவருக்குத் தெரியும், சொல்லப் பயப்படுகிறார்.

"உங்களுக்கு எப்பிடி அண்ணை அது தெரியும்?"

"அந்தச் சொல்லை எப்பிடிச் சொல்லுறவை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை."

விசாரணையை நிறுத்தி வேறு மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள். பெடியனுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. இவருக்குத்தான் அதோடு அந்த வேலை போயிற்று. "மொழிபெயர்க்கிறவன் கூட்டிச் சொல்லக் கூடாது. அது என்ர பிழைதான்" என்று வலுச் சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கி, அறுபத்தைந்தில் ஓய்வெடுத்தார். கலியாணம் செய்யவில்லை. டோர்செட் பார்க் மாடிக் கட்டடமொன்றில் ஒன்பதாம் தட்டில், வருமானத்துக்கு ஏற்ப வாடகை வாங்கும் சின்ன வீடு. முதியோர் பென்ஷனும், குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் அதற்கு மேல் கொடுக்கும் உதவிப் பணமும். அவருடைய பத்திரம் பத்து நிமிட வேலை. வாசிக்கத்தான் அரை மணி நேரம்.

அப்படிப்பட்டவர் ஒரு வருடம் தன் தொலைபேசியை என் மேசையில் வைத்து, "இதுக்கு வரி எப்பிடி?" என்று கேட்டார்.

திரையில் ஒரு கேள்வி இருந்தது. ஏதோவொரு தூர தேசத்துப் போர்நிறுத்தம் மாத முடிவுவரை நிலைக்குமா? 'ஓம்' என்பதற்கு ஒரு விலை, 'இல்லை' என்பதற்கு ஒரு விலை. நடக்கப்போவதைச் சரியாகச் சொன்னவருக்குப் பங்குக்கு ஒரு டொலர். பிழையாகச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. தேர்தல், தடை, படையெடுப்பு, சமாதானப் பேச்சு என்று உலகத்துத் தலையிடி எல்லாவற்றையும் இப்படிக் கேள்வியாக்கி விற்கும் வெளிநாட்டுத் தளம் அது. அவர் போர்நிறுத்தக் கேள்விகளை மட்டும் எடுப்பார். எப்போதும் 'இல்லை' தான் வாங்குவார்.

"அண்ணை, உது சனம் சாகிறதில பந்தயம் கட்டுறது அல்லோ?" எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஓம்" என்றார். அதற்கு மேல் நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சொல்லாதபடியால் அந்த 'ஓம்' எனக்குள்ளேயே கிடந்தது.

பையிலிருந்து ஒரு நீளக் கொப்பியை எடுத்து விரித்தார். அடிமட்டத்தால் கோடு போட்டு நாலு கட்டம் பிரித்திருந்தார். திகதி, கேள்வி, வாங்கியது, கடைசியில் 'எனக்குத் தெரிந்தது'. அந்த நாலாவது கட்டத்தை வரி வரியாக வாசித்தேன். 'கையெழுத்து வைத்தவன் சண்டை பிடிக்கிறவன் அல்ல.' 'எத்தனை மணியிலிருந்து என்று அறிவித்தலில் இல்லை.' 'கண்காணிக்க ஆளில்லை.' 'ஆஸ்பத்திரியை இடம் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.' ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. சில இடங்களில் போர்நிறுத்தம் நிலைத்து அவர் தோற்றிருந்தார். கணிப்புப் பிழையாகிப்போன அந்த வரிகளின் ஓரத்தில் சிவப்பு மையால் 'பிழைத்தது' என்று எழுதியிருந்தார். அவை அதிகமில்லை.

அவர் வென்ற நாள்களை நான் பிறகுதான் அறிந்தேன். சாப்பாட்டுக் கடைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். அங்கிள் கடைக்கு முன்னால் வந்து நின்று, ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போனால், எங்கேயோ குண்டு விழுந்திருக்கும். நான் ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். என் அலுவலகத்தில் முறைக்குக் காத்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் ஒரு சந்தையின் கூரை சரிந்து கிடந்தது. அவருடைய தொலைபேசி ஒரு சின்னச் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தார், அணைத்தார், எழுந்து போய்விட்டார். அடிமட்டத்தை மறந்து விட்டுவிட்டுப் போனார். அடுத்த முறை வரும்போது பைக்குள் புது அடிமட்டம் ஒன்று இருந்தது.

அந்தத் தளத்துக்கு எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் வியாபாரம் செய்ய அனுமதியில்லை. முப்பது நாளுக்குள் முடியும் இப்படியான 'ஓம், இல்லை'க் கேள்விகளைத் தனியாட்களுக்கு விற்கவே கூடாதென்று இங்கே தடை. ஆனால் தடை விற்கிறவனுக்கு. வாங்கினவனை என்ன செய்வார்கள் என்று நான் தேடித் தேடி வாசித்தும் தெளிவாகப் பிடிபடவில்லை. அவர் தன் முகவரியை மறைக்கவில்லை, வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டவில்லை. கேட்ட இடத்தில் ரொறன்ரோ என்றே எழுதியிருந்தார். தளம்தான் சில காலம் கண்டும் காணாமல் விட்டிருந்தது. பிறகு திடீரென்று ஒன்ராறியோக்காரரின் கணக்குகளை மூடி, இருந்த பணத்தை அனுப்பிவிட்டது. அந்த ஒரு வருடத்து வெற்றி நாற்பதாயிரம் டொலருக்குக் கொஞ்சம் மேலே.

அவர் அதில் ஒரு சதமும் தொடவில்லை. சண்டை நடந்த அந்த நாடுகளில் ஆஸ்பத்திரி நடத்தும் ஒரு தர்ம நிறுவனத்துக்கு முழுவதையும் கொடுத்து, ரசீதோடு என்னிடம் வந்தார்.

"இது தொழில் வருமானம். அப்பிடியே எழுதும் பிள்ளை."

நான் கணினியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இந்த நாட்டில் பந்தயத்தில் வென்ற காசுக்கு வரியில்லை, அது அதிர்ஷ்டம். ஆனால் முறை வைத்து, நேரம் செலவழித்து, திட்டமிட்டுத் தொடர்ந்து செய்தால் அது தொழில், வரி உண்டு. இந்தப் புதுமாதிரிக் கேள்விச் சந்தை எந்தப் பக்கம் சேரும் என்று அப்போது வரித் திணைக்களம் தெளிவாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆகையால் இது அதிர்ஷ்டம் என்று வாதாட இடமிருந்தது. அதை அவருக்கு விளக்கினேன்.

"லொத்தர் விழுந்தவன் வரி கட்டுறானோ அண்ணை?"

"லொத்தர் விழுந்தவனுக்கு நம்பர் முன்னமே தெரியுமோ?"

"உங்களுக்கும் தெரியாதுதானே. ஊகம்தானே."

கொப்பியை என் பக்கம் தள்ளினார். நாலாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "எனக்குத் தெரியும். இது தெரிஞ்சு எடுத்த காசு."

"கொப்பியை முதல்ல பைக்குள்ள வையுங்கோ" என்றேன். கோபம் வந்துவிட்டது. "அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நன்கொடை ரசீது வரியைத்தான் குறைக்கும். வருமானத்தைக் குறைக்காது. உந்த நாற்பதாயிரத்தை வருமானமாக் காட்டினால் ஆடியிலயிருந்து உதவிப் பணம் நிண்டிடும். வீட்டு வாடகையும் கூட்டுவினம். கையில காசும் இல்லை. என்னெண்டு இருப்பியள்?"

"ஒரு வருஷம் தானே. பாண் கொம்பனியில பகுதிநேரம் கேட்டனான். வாறன் எண்டால் எடுப்பினம். சமாளிப்பன்."

"அறுபத்தேழு வயசில பெட்டி தூக்கப் போறியளோ?"

"எழுதும் பிள்ளை" என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனபின் அந்தப் பத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். தன் பிடிவாதத்துக்காக ஒரு மனிசன் இருக்கிற கூரையையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. இந்தக் கிழவருக்குப் புத்தி சொல்ல ஆளில்லை, நான் ஒருத்தி இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு திமிர். அந்த வருமானத்தை நான் எழுதவில்லை. ரசீதையும் சேர்க்கவில்லை. பென்ஷனும் உதவிப் பணமும் மட்டும், முந்திய வருடம் போலவே பத்து நிமிடத்தில் முடித்தேன். அவர் வாசிக்கும்போது சண்டை வரும், அப்போது எப்படியாவது மடக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை கடைசிக் கிழமையில் கையெழுத்து வைக்க வந்தார். கதிரைகள் நிரம்பி, ஆட்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒரு கைக்குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. அவர் பத்திரத்தை வாங்கி, பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார், குழந்தையோடு நின்ற தாயைப் பார்த்தார். அடிமட்டத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

"இண்டைக்கு வாசிக்கேல்லை. உமக்கு வேலை கிடக்கு."

"வாசியுங்கோ அண்ணை" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"உம்மை எனக்குத் தெரியும்தானே" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

பத்து வருடத்தில் அவர் வாசிக்காமல் வைத்த கையெழுத்து அது ஒன்றுதான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வைகாசி நடுவில் வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டுக் கடிதத்தோடு வந்தார். அன்றைக்கு அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. கடிதத்தை மேசையில் வைத்து, வருமானத் தொகைக்குக் கீழே அடிமட்டத்தை வைத்தார்.

"இதில அது இல்லை."

நான் எழுந்து, குனிந்து, முதல் தடவையாகப் பார்ப்பவள் மாதிரிப் பார்த்தேன். "ஐயோ அண்ணை" என்றேன். "சனத்துக்குள்ள விடுபட்டுட்டுது போல. எனக்குத் தெரியாமல் நடந்திட்டுது."

அந்தச் சொல்லை எப்படிச் சொல்வார்கள் என்று அறிந்த மனிதருக்கு முன்னால் நின்று அதைச் சொன்னேன். இப்போது கேட்கப் போகிறார், தெரியாமலோ, தெரிந்தோ என்று. கேட்டால் ஒத்துக்கொண்டுவிடலாம் என்று காத்துக்கொண்டு நின்றேன். ரோல்ஸ் விற்கும் பிள்ளையைக்கூட விடாதவர் அவர்.

என்னைப் பார்த்துவிட்டு அடிமட்டத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"சரி பிள்ளை. திருத்தி அனுப்பும்" என்றார்.

திருத்தி அனுப்பினேன். அங்கேதான் நான் செய்த நன்மை தன் முகத்தைக் காட்டியது. முதலிலேயே காட்டியிருந்தால் ஒரு வருடத்துக்கு உதவிப் பணம் நின்று, வாடகை கூடி, அடுத்த வருடம் எல்லாம் பழையபடி வந்திருக்கும். அவர் சொன்னது போல பெட்டி தூக்கிச் சமாளித்திருப்பார். ஆனால் நான் வருமானமில்லாமல் அனுப்பிய பத்திரத்தைக் காட்டித்தான் வீட்டு நிர்வாகத்தில் அவருடைய வருடாந்த வாடகை முடிவானது. திருத்தம் வந்ததும், இந்த மனிதர் வருமானத்தை மறைத்தார் என்று ஆயிற்று. வருமானத்தை மறைத்தால் அந்தக் கட்டடத்தில் சலுகை வாடகை போய்விடும். முழு வாடகை அவருடைய பென்ஷனை விடப் பெரிது.

நான் பதறிப்போய் வீட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். விடுபட்டது அவருக்குத் தெரியாது, அது வரிப் பத்திரம் நிரப்பியவரின் தவறு என்று. அவர் கையெழுத்து வைத்தால் போதும். வாசித்தார், அடிமட்டம் வைத்துத்தான். "உம்மட பேர் கிடக்கு இதில" என்றார்.

"கிடக்கட்டும் அண்ணை."

"உம்மட வரிப் பதிவு போயிடாதோ?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"வாசிக்காமல் கையெழுத்து வைச்சது ஆர்? நான். அந்தக் காசு வந்தது ஆருக்குத் தெரியும்? எனக்கு." கடிதத்தை நாலாக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். "தெரியாது எண்டு நான் எழுதிக் குடுக்க மாட்டன்."

வீட்டு நிர்வாகத்தில் விசாரித்த அதிகாரியிடம், எல்லாம் எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஐப்பசியில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

சாமான் ஏற்ற நான் காரோடு போனேன். இரண்டு சூட்கேஸ், ஒரு அரிசிக் குக்கர், அட்டைப் பெட்டியில் அகராதிகள். அவ்வளவுதான் இருந்தது. சமையலறைச் சுவரில் பழைய கம்பித் தொலைபேசி ஒன்று இருந்தது. கழற்றட்டுமா என்று கேட்டேன். அவர் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதில நிண்டுதான் கதைச்சனான்" என்றார்.

யாரோடு என்று கேட்டேன். தங்கச்சியோடு என்றார். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"வன்னியில கடைசிச் சண்டை நேரம். ஒரு இடத்தைச் சொல்லி, அங்கை போற சனத்துக்கு அடிக்க மாட்டம் எண்டு அறிவிச்சிருந்தவை. போகட்டோ அண்ணை எண்டு கேட்டு எடுத்தவள். அந்த அறிவித்தலை நான் ரண்டு பாஷையிலயும் வாசிச்சிருந்தனான். எத்தினை நாளைக்கு எண்டு இல்லை. ஆர் பொறுப்பு எண்டு இல்லை. போகக் கூடாத இடம் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நல்லாத் தெரியும்."

நான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"போகாதை எண்டு சொல்லி, நிண்ட இடத்தில ஏதும் நடந்தால் அது என்ர தலையில எல்லோ விழும் எண்டு பயந்திட்டன். எனக்குத் தெரியாது, உனக்குச் சரியெண்டு படுறதைச் செய் எண்டு சொன்னனான். ரண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போனவள்."

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அவர் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ஒன்பது தட்டுக்குக் கீழே, என் கார் பின்கதவு திறந்தபடி நின்றது. அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணை, நானும் தெரிந்துகொண்டுதான் தெரியாது என்றேன், உங்கள் வீடு போனது என்னால் என்று. வாய்வரை வந்தது. தொலைபேசியைக் கழற்றி, ஒரு துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பயம்தான், வேறென்ன. அவருக்கு இருந்த அதே பயம்.

நகரத்தின் கிழக்கு ஓரம், ரூஜில், புதுவீடுகளுக்கு நடுவே ஒரு பேஸ்மென்ற் அறை அவருக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் நல்ல சனம். ஆனால் அறைக்குப் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல்தான், அதையும் மார்கழியில் பனி மூடிவிடும். பாண் கொம்பனி அவரை எடுக்கவில்லை. பகல் முழுக்க லைட்டைப் போட்டுக்கொண்டு செய்தி பார்ப்பார். ஒவ்வொரு போர்நிறுத்தத்துக்கும், "நிக்காது" என்று எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வார். பந்தயம் கட்ட அவருக்கு இப்போது இடமில்லை. ஆனாலும் யாருக்காவது சொல்லியாக வேண்டியிருந்தது. நான் "ஓம் அண்ணை" என்பேன்.

அடுத்த பங்குனியில் பஸ் மாறி வந்தார். மெலிந்துபோயிருந்தார். திருத்திய பத்திரத்துக்கு ஆதாரமாக ஆறு வருடத்துக்கு அந்தக் கொப்பி இருக்க வேண்டும், பேஸ்மென்ற் ஈரத்தில் வைக்க வேண்டாம், என்னிடம் தாருங்கள் என்று நான்தான் கேட்டிருந்தேன். மேசையில் வைத்தார்.

"கடைசிப் பக்கத்தையும் பாரும்" என்றார்.

தளம் கணக்கை மூடியதோடு கொப்பியில் எழுதிய வரிகள் முடிந்திருந்தன. அதற்குக் கீழே, அதே நாலு கட்டத்துக்குள், இன்னும் ஒரு வரி இருந்தது. திகதி, கடிதத்தோடு அவர் என்னிடம் வந்த அந்த வைகாசி நாள். கேள்வி: 'பிள்ளை அதை விட்டது தெரிந்தா, தெரியாமலா?' வாங்கியது: 'தெரியாமல்.'

நாலாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

அந்தக் கொப்பி முழுவதிலும் அவர் ஒன்றும் தெரியாமல் கட்டிய பந்தயம் அது ஒன்றுதான். சட்டப்படி பார்த்தால் அதற்கு வரியில்லை. தலையை நிமிர்த்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கார்த் தரிப்பிடத்தில் யாரோ பனியைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நேரம் தருகிறார் என்று விளங்கியது. அடுத்த ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார், குளிர் காற்று உள்ளே வந்தது. நான் கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்தேன்.

"பத்திரமா வைச்சிருக்கிறன் அண்ணை" என்றேன்.

"தெரியும்" என்றார்.

அதே வருடம் கார்த்திகையில் அந்த அறையில், நித்திரையிலேயே போய்விட்டார். காலையில் செய்திச் சத்தம் நிற்காமல் கேட்கிறதே என்று வீட்டுக்காரப் பெண் இறங்கிப் பார்த்திருக்கிறாள். மரணச் சடங்குக்கு முப்பது பேர்கூட வரவில்லை. சாப்பாட்டுக் கடைப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து அழுதார்கள். என்ன வருத்தம் வந்து அங்கிள் போனவர் என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, "கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

இறந்தவருக்கும் ஒரு கடைசி வரிப் பத்திரம் உண்டு. அவருக்கு வேறு ஆளில்லாதபடியால் நானே நிரப்பினேன். பென்ஷன் மட்டும்தான், பத்து நிமிட வேலை. அச்சடித்த பிறகு மேசை லாச்சியைத் திறந்து, ஒருநாள் அவர் விட்டுப்போய், நான் திருப்பிக் கொடுக்காமலே வைத்திருந்த அடிமட்டத்தை எடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து முழுதாக வாசித்தேன். அரை மணி நேரம் எடுத்தது.

பிறகு அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். கடைசிப் பக்கம், கடைசி வரி, நாலாவது கட்டம். 'தெரிந்துதான் செய்தேன்' என்று எழுதினேன். சிவப்புப் பேனையை எடுத்து, அவர் எழுதுகிற அதே இடத்தில், ஓரத்தில், 'பிழைத்தது' என்று எழுதினேன்.